பாட்டி ட்ரெயினிங்: வாசல் இல்லாத நாயின் வரலாறு

நாய் வளர்க்கிற நகரத்து வீடுகளில் 'பாட்டி ட்ரெயினிங்' என்று ஒரு சொல் புழங்குகிறது. நாய்க்குட்டிக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போகவேண்டிய இடத்தைப் பழக்குவதுதான் அது. இந்தப் 'பாட்டி', குழந்தைகளை உட்காரவைக்கும் சட்டிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயர். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதை முதல்முறை கேட்டபோது, "பாட்டிக்கு எதுக்குப்பா ட்ரெயினிங்?" என்று அம்மாவைக் காட்டிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். அப்போது யாருக்கும் கை ஒடிந்திருக்கவில்லை.

கடுகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு எட்டு வாரம். பக் இனம். நண்பர் வீட்டு நாய் போட்ட நாலு குட்டிகளில் கடைசி. நாங்கள் இருப்பது வேளச்சேரியில், நாலாவது மாடியில், இரண்டு படுக்கையறை ஃபிளாட். முதல் இரண்டு வாரம் அவன் எங்கே போனாலும் அது எங்களுக்கு வேடிக்கை. மூன்றாவது வாரம் சாமி அறை வாசலில் போனான். அன்றைய செய்தித்தாளைச் சுருட்டி முதுகில் இரண்டு போட்டேன். மூக்கைக் கொண்டுபோய் அந்த ஈரத்தில் அழுத்தினேன். அப்படித்தான் செய்யணும் என்று சின்ன வயதில் எங்கேயோ கேட்ட ஞாபகம்.

அடுத்த இரண்டு நாள் வீடு காய்ந்து கிடந்தது. "பாத்தியா, திருந்திட்டான்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அம்மா அறைக்குப் போகும் வழியின் இருட்டு மூலையில். அவன் நிறுத்தவே இல்லை, நான் பார்க்கிற இடத்தில் போவதை மட்டும் நிறுத்தியிருந்தான். அந்த வாரக் கடைசியில், விடியற்காலை அஞ்சு மணிக்கு, அந்த இருட்டு மூலையில் அம்மா வழுக்கி விழுந்தார். எழுபத்துநாலு வயசு. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கேக்கறவங்க இருக்காங்க, குட்டியக் குடுத்துடலாம்" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஒரு மாசம் பார்ப்போம், சரிவரலைன்னா குடுத்துடலாம் என்று முடிவாயிற்று. கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"எங்க ஊர்ல எந்த நாய்க்குடா யாரு கத்துக்குடுத்தது? எந்த நாய் ஊட்டுக்குள்ள போச்சு?"

வாசல் இருந்த காலம்

அம்மாவின் ஊர் செங்கம் பக்கம். அங்கே நாயின் இடம் வாசல். திண்ணைக்குக் கீழே, மாட்டுக்கொட்டகை ஓரம், களத்துமேட்டில். மிச்சச் சோறு வாசலில் வைக்கப்படும், நாய் உள்ளே வராது. வராத உயிருக்கு உள்ளே எங்கே போவது என்ற கேள்வி எழாது. அதுபாட்டுக்குக் காட்டுப் பக்கம் போய்விட்டு வரும்.

மரியாதை இல்லாமல் வைத்திருந்தார்கள் என்று அர்த்தமில்லை. அதே செங்கம் பகுதியில், எடுத்தனூரில், ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது திருடர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. அரசர்கள் பெயருக்கே கல்வெட்டில் இடம் தேடவேண்டிய காலத்தில் ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. அந்தக் கோவிவனும் வெளியில் நின்ற நாய்தான்.

சரி, வெளியில் இருந்த நாய்க்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து இன நாய்களை வருடக்கணக்கில் குட்டியிலிருந்து கவனித்தார்கள். 1965ல் அது பெரிய புத்தகமாக வந்தது. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் வயிற்றடியை நக்கிவிட வேண்டும், அதையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். சுமார் மூன்று வாரத்தில் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், படுக்கும் இடத்தை விட்டு விலகிப் போய்க் கழிக்க ஆரம்பிக்கிறது. எட்டு, ஒன்பது வாரத்துக்குள் குறிப்பிட்ட இடத்துக்கே போகும் வழக்கம் உருவாகிவிடுகிறது.

ஆக, படுக்கிற இடத்தில் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுக்கு வந்தபோதே கடுகுக்குத் தெரியும். அவன் படுத்திருந்த துணி ஒருநாளும் நனையவில்லை. நான்தான் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குத் தெரியாதது வேறு: ஆயிரம் சதுர அடி ஃபிளாட் முழுவதும் 'படுக்கிற இடம்' என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது. அவன் கணக்கில் படுக்கை துணியோடு முடிகிறது, அதற்கு அப்பால் எல்லாம் காடு.

அப்படியானால் நாய் எப்போது வாசலை இழந்தது?

விலைக்குப் போன மலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் நாய் மலம் குப்பை இல்லை, சரக்கு. ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பற்றி 1851ல் வெளியிட்ட பெரிய தொகுப்பில், தெருத்தெருவாகச் சுற்றி நாய் மலம் பொறுக்கி விற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சரக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்யூர்'. அதாவது சுத்தம்! பெர்மண்ட்ஸியில் இருந்த தோல் பதனிடும் கூடங்கள் அதை வாங்கின. மெல்லிய தோலைச் சுத்தம் செய்து மிருதுவாக்க அது தேவைப்பட்டது. ஒரு வாளிக்கு எட்டு முதல் பத்து பென்னி வரை கிடைத்தது. பொறுக்கியவர்களில் வயதான பெண்கள் அதிகம்.

அந்தத் தொழிலை முடித்துவைத்தது வேதியியல். மலத்தில் வேலை செய்வது அதிலுள்ள நொதிகள்தான் என்று புரிந்துகொண்ட ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம், 1907ல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு ஓரோபான் என்ற பொருளை விற்றார். தோல் கூடங்களுக்கு நாய் மலம் வேண்டாமல் போயிற்று. அதன்பிறகு அதைத் தெருவிலிருந்து காசு கொடுத்து எடுக்க யாரும் இல்லை. சரக்கு, குப்பையாயிற்று. (இதே ரோம் 1914 வாக்கில் துணி துவைக்கவும் ஒரு நொதிப் பொடி கொண்டுவந்தார். அவரிடம் பிறகு வருவோம்.)

அதே நூற்றாண்டில் நாய் வேறொரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்குள். பாரிஸில் நடுத்தர வர்க்கம் அடுக்குமாடிகளில் குடியேறியபோது நாயும் மாடி ஏறியது. 1855ல் பிரான்ஸ் நாய் வரி போட்டது. வேட்டை நாய்க்கும் ஆசைக்கு வளர்க்கும் நாய்க்கும் கூடுதல், காவல் நாய்க்குக் குறைவு. உச்சவரம்பு பத்து பிராங்க். 'உபயோகம் இல்லாத நாய்' என்ற வகை அரசாங்கக் கணக்கிலேயே ஏறிவிட்டது. வாசலில் நிற்கவேண்டிய வேலை எதுவும் இல்லாத நாய்.

அந்த வகைக்குச் சின்ன உடம்பு வசதி. 1860ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கின் கோடைகால அரண்மனையைச் சூறையாடியபோது அங்கிருந்த பீக்கிங்கீஸ் நாய்களையும் தூக்கிவந்தார்கள். அதில் ஒன்று விக்டோரியா ராணிக்குப் போனது. அதற்கு 'லூட்டி' என்றே பெயர் வைத்தார்கள். கொள்ளை என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லே நம் நாட்டு 'லூட்'டிலிருந்து போனதுதான். அதே ராணி 1888ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸிலிருந்து மார்க்கோ என்ற குட்டி பொமரேனியனைக் கொண்டுவந்தார். அதுவரை பெரிதாக இருந்த அந்த இனத்தில் சின்னதாக இருப்பதே நாகரிகமாயிற்று.

நம் ஊரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீட்டுக்கு வீடு 'பொமரேனியன்' இருந்தது ஞாபகம் இருக்கும். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 2003ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக், ஸ்பிட்ஸைப் பின்னுக்குத் தள்ளியது. பின்னாலேயே ஓடிவரும் அந்த நாய் எங்கே ஒண்ணுக்குப் போகும் என்று விளம்பரத்தில் காட்டவில்லை.

சில நகரங்களில் ஆசை மட்டுமல்ல, சட்டமே நாயைச் சின்னதாக்கியது. சிங்கப்பூரின் வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலிலிருந்து. பீஜிங் நகரம் 1995ல் நாய் வளர்க்க அனுமதி கொடுத்தபோது முதல் வருடப் பதிவுக் கட்டணம் 5,000 யுவான். நகரின் முக்கியப் பகுதிகளில் 35 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான நாய் கூடாது.

சின்ன நாய்க்குச் சின்ன மூத்திரப்பை. இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்குவதே கஷ்டம். லிஃப்டுக்குக் காத்திருந்து கீழே போய்ச்சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். அதோடு பெரிய நாய் போனால் குளம், உடனே தெரியும். சின்ன நாய் போனால் அரை டம்ளர். துடைத்துவிட்டுப் போய்விடுகிறோம். வழக்கம் அங்கேயே ஊறிவிடுகிறது. மாடிக்கு ஏற்ற நாய் என்று நாம் தேர்ந்தெடுத்ததுதான் மாடியில் பழக்கக் கஷ்டமான நாய். என்ன செய்வது!

1978

மாடி நாயின் வரலாற்றில் ஒரே ஒரு வருடத்தைச் சொல்லச்சொன்னால் நான் 1978ஐச் சொல்வேன். அந்த வருடம் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை.

முதலாவது, நியூயார்க் சட்டம். மாடிகளால் ஆன அந்த நகரத்தில் முப்பதுகளிலிருந்தே, நாயை நடைபாதையில் விடாமல் சாலை ஓரத்துக்கு இறக்கு என்று பலகைகள் வைத்திருந்தார்கள். எழுபதுகளில் ஃப்ரான் லீ என்ற பெண்மணி, நாய் மலத்திலுள்ள புழு முட்டைகளால் குழந்தைகளுக்கு நோய் வருகிறது என்று பெரிய இயக்கமே நடத்தினார். நாய்க்காரர்கள் கொதித்தார்கள். நகரசபையில் தீர்க்க முடியாமல் மாநிலச் சட்டமன்றம் வரை போய், 1978 ஆகஸ்ட் 1 முதல், உன் நாய் போனதை நீயே அள்ளு என்ற சட்டம் அமலுக்கு வந்தது. பாரிஸ் வேறு வழியில் போனது. 1982லிருந்து 2004 வரை, மலம் உறிஞ்சும் மோட்டார் சைக்கிள்களை நகராட்சியே ஓட்டியது. செலவு கட்டுப்படியாகவில்லை, கடைசியில் அவர்களும் நியூயார்க் வழிக்கே வந்தார்கள். தெருவும் இனி நாயின் வாசல் இல்லை, அது பொது இடம், பொறுப்பு உரிமையாளருடையது என்று உலக நகரங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன.

இரண்டாவது, ஒரு வைரஸ். பார்வோ. 1978ல் அடையாளம் காணப்பட்டு, சுமார் இரண்டு வருடத்தில் உலகம் முழுவதும் பரவியது. வாந்தி, ரத்தபேதி, தடுப்பூசி போடாத குட்டி சில நாட்களில் செத்துவிடும். பாதிக்கப்பட்ட நாயின் மலத்தில் வெளிவரும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் தடுப்பூசி வரிசை முடியும்வரை குட்டியைத் தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்காதீர்கள் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். அது முடிய சுமார் நாலு மாத வயசாகிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இடம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் குட்டிக்கு எட்டு, ஒன்பது வாரத்தில் உருவாகிறது. அது வெளியே போகவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் பதினாறு வாரம் வரை வெளியே விடக்கூடாது. நடுவில் ஏழெட்டு வாரம் அது எதைப் பழகும்? நம் வீட்டுத் தரையைத்தான். கடுகு அந்த ஏழெட்டு வாரத்துக்குள் மாட்டிக்கொண்ட குட்டி. நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் செய்தித்தாள் வந்தது. மூலையில் விரித்துவைப்பது, குட்டி அதில் போகப் பழகுவது. எண்பதுகளில் குழந்தைகளின் டயப்பரில் நீரை ஜெல்லாக உறிஞ்சும் பாலிமர் வந்தது. அதே பாலிமர் பின்னால் 'பீ பேட்' என்ற பெயரில் நாய்க்கடைக்கும் வந்தது. நாங்கள் முதலில் வாங்கியதும் அதுதான். ஒன்று முப்பது நாற்பது ரூபாய், கடுகு அதைக் கிழித்து விளையாடினான். பிறகு செய்தித்தாளுக்கு வந்தோம்.

சுருட்டிய செய்தித்தாள்

இப்போது என் கையிலிருந்த செய்தித்தாளுக்கு வருகிறேன். விரித்தால் கக்கூஸ், சுருட்டினால் தடி. ஒரே பொருளை வைத்து ஒரு குட்டிக்கு இரண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். அது எதைப் புரிந்துகொள்ளும்?

நாயை அடித்துப் பழக்குவதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அதற்குத் தப்பு எது என்று தெரியும், தெரிந்தே செய்கிறது. 1910லேயே இதை மறுத்தவர் கொன்ராட் மோஸ்ட். ஜெர்மன் போலீஸ் அதிகாரி, போலீஸ் நாய்களைப் பழக்கியவர். அவர் ஒன்றும் மென்மையானவர் இல்லை, கட்டாயப்படுத்துவதை ஒத்துக்கொண்டவர்தான். ஆனாலும் நாய்க்கு மனிதனின் நல்லது கெட்டது தெரியாது, ஒரு செயலும் அதன் விளைவும் உடனுக்குடன் ஒட்டினால்தான் அது கற்கும் என்று அவருடைய கையேடு சொன்னது. 1951ல் பி. எஃப். ஸ்கின்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். சாரம் சுலபம்: சரியானதைச் செய்த அந்தக் கணத்தில் ஒரு ஒலி, உடனே தீனி. கணம் தவறினால் பாடம் தவறும்.

நான் சாமி அறை வாசலில் ஈரத்தைப் பார்த்தது அவன் போய்ப் பத்து நிமிஷம் கழித்து. அடித்தபோது அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? என்னைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு வந்தான். வந்ததற்கு அடி விழுந்தது. ஈரமும் நானும் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து என்பதுதான் அவன் கற்றது. ஆகவே நான் இல்லாத இடமாகப் பார்த்துப் போனான்.

"ஆனா அவன் மூஞ்சியப் பாருங்க, தப்பு பண்ணிட்டோம்னு தெரியுது" என்று மனைவி சொல்வாள். காதைப் பின்னால் மடித்து, கண்ணைத் திருப்பி, உடம்பைத் தாழ்த்தி நிற்பான். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009ல் இதைச் சோதித்து வெளியிட்டார். பதினாலு நாய்கள். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும், சிலசமயம் பொய்யாக. அந்தக் 'குற்ற மூஞ்சி' வந்தது நாய் தின்றதைப் பொறுத்து இல்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்து. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அதிகமாக இருந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, பயம்.

இதைப் படித்த அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் கையை ஒடித்தது கடுகு இல்லை. வரிசையாகப் பின்னால் போனால் அந்த இருட்டு மூலைக்கு அவனை அனுப்பிவைத்தது என் கையிலிருந்த செய்தித்தாள்.

மனிதக் குழந்தைகளின் கதையும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. இருபது, முப்பதுகளில் அமெரிக்க அரசின் குழந்தை வளர்ப்புக் கையேடுகள், சில மாதக் குழந்தையையே கடிகாரப்படி சட்டியில் உட்காரவைத்து ஒரு வயதுக்குள் முடித்துவிடச் சொல்லின. 1946ல் டாக்டர் ஸ்பாக் அதைத் தளர்த்தினார். 1962ல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1,170 குழந்தைகளைக் கவனித்து, குழந்தை தயாராகும்வரை காத்திருங்கள் என்றார். தயாராகாத உடம்பைத் தண்டிப்பதில் பயனில்லை என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, நம் பிள்ளைகள் விஷயத்திலேயே.

அம்மாவின் காலண்டர் தாள்

இனி எங்கள் ஒரு மாசம்.

முதலில் வீட்டைச் சின்னதாக்கினோம். கடுகுக்கு ஹாலின் ஒரு பாதியும் பால்கனியும் மட்டும். கூண்டில் அடைத்துப் பழக்குவது அமெரிக்காவில் சகஜம். படுக்கும் இடத்தை நாய் அசுத்தம் செய்யாது என்ற அதே இயல்பை நம்பித்தான் அதுவும். ஆனால் ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் வீட்டில் நாயைக் கூண்டில் வைப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. எங்களுக்கும் மனசு வரவில்லை. பழைய நாற்காலிகளைச் சாய்த்துத் தடுப்பு வைத்தோம்.

அடுத்தது நேரம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், மகள் பள்ளிக்கூடம். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அம்மா, அதுவும் கட்டுப்போட்ட கையோடு, வேறு வேலை செய்ய முடியாமல். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், இடது கையால் கோணல்மாணலாக, கடுகு எப்போது சாப்பிட்டான், எப்போது போனான் என்று எழுத ஆரம்பித்தார். ஐந்து நாளில் கணக்குத் தெரிந்துவிட்டது. தூங்கி எழுந்த உடனே. சாப்பிட்டு ஒரு கால் மணிக்குள். விளையாடி முடித்ததும். இவை தவிர, இரண்டரை மணிக்கு ஒருதரம். போவதற்கு முன் தரையை முகர்ந்துகொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவான் என்பதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். "டேய், சுத்துறான் பாரு, தூக்கு" என்பார். தூக்கிப் பால்கனியில் விடுவோம். போனால் அந்த நொடியே ஒரு "சபாஷ்", வாயில் ஒரு துணுக்குத் தீனி. உள்ளே போய்விட்டால் ஒன்றும் சொல்வதில்லை, துடைப்பதோடு சரி.

துடைப்பதில் ஒரு விஷயம். நாங்கள் ஃபினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தோம். நம் மூக்குக்கு ஃபினாயில் வாசனை மேலே நிற்கிறது, நாயின் மூக்குக்கு அடியில் பழைய வாசனை அப்படியே இருக்கிறது, திரும்ப அங்கேயே போகிறது. அந்த எச்சத்தை உடைக்கும் நொதிக் கரைசல் கடைகளில் கிடைக்கிறது. ஓட்டோ ரோமிடம் திரும்ப வருவேன் என்றேனே, இதற்காகத்தான். நாய் மலத்தைத் தோல் கூடத்திலிருந்து வெளியேற்றிய அதே நொதி அறிவு, நூறு வருடம் கழித்து என் வீட்டுத் தரையிலிருந்து நாய் மூத்திரத்தை வெளியேற்றுகிறது.

பால்கனியில் செய்தித்தாள் காற்றில் பறந்தது. அம்மாவின் துளசித்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதில் மண்ணைப் பரப்பி, நர்சரியிலிருந்து வாங்கிய புல் பத்தையை வைக்கச்சொன்னார். "அதுக்கு மண்ணு வேணும்டா. காயிதத்துல போவுமா எதுவாச்சும்?" முதல் நாள் அதன்மேல் ஈரச் செய்தித்தாள் துண்டு ஒன்றைப் போட்டோம், வாசனைக்காக. மூன்றாம் நாள் எடுத்துவிட்டோம். கடுகு நேராகப் புல்லுக்குப் போனான்.

நடுவில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போடப்போவதாகச் சொன்னார். இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே வெளியிட்ட வழிகாட்டுதல்களை அச்செடுத்துக் காட்டினேன். பெரும்பான்மை வாக்கெடுத்தும் சங்கம் வளர்ப்பு நாய்களைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது. அதே வாரியம் அசுத்தத்தை உரிமையாளர் சுத்தம் செய்யவேண்டும் என்றும் சொல்கிறது. 1962ல் தொடங்கிய அந்த வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். நம் சென்னைக்காரர்தான் என்று சொன்னேன். வந்தவருக்கு அது ஆச்சரியம். பால்கனித் தண்ணீர் கீழ்வீட்டுக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நியாயமான பேச்சு. தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வைத்தோம்.

மாசம் முடிந்தபோது தவறுகள் நின்றுவிடவில்லை. முதல் வாரம் தாளில் முப்பத்தொன்று. நாலாவது வாரம் ஐந்து. யாரும் "குடுத்துடலாம்" பேச்சை எடுக்கவில்லை. இப்போது கடுகுக்கு ஏழு மாதம். ஊசிகள் முடிந்து, காலையும் மாலையும் கீழே போகிறான், நான் பையோடு பின்னால் போகிறேன். விருந்தாளிகள் வந்தால் மட்டும் சந்தோஷத்தில் இரண்டு சொட்டு விட்டுவிடுவான். அதைத் திட்டினால் அதிகமாகும் என்று இப்போது தெரியும்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, பிடி இன்னும் முழுசாக வரவில்லை. காலண்டர் தாள் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. விடியற்காலை எழுந்ததும் முதலில் பால்கனிக் கதவைத் திறந்துவிடுவது அவர்தான். வழியில் இருந்த அந்த மூலைக்கு ஒரு ராத்திரி விளக்குப் போட்டிருக்கிறோம். போன வாரம் மகளின் தோழி வந்திருந்தாள். அவர்கள் வீட்டிலும் குட்டி வாங்கப்போகிறார்களாம். பாட்டி ட்ரெயினிங்குக்கு ஆள் வைக்கணுமா ஆன்ட்டி என்று என் மனைவியிடம் கேட்டாள்.

"எங்க வீட்டுல பாட்டிதான் ட்ரெயினிங்" என்றாள் என் மகள்.

அம்மா காலண்டர் தாளைத் திருப்பி, அந்தப் பெண்ணுக்கு நேரங்களைச் சொல்ல ஆரம்பித்தார்.